பதினாறு பேனல்களின் வருகைப் பதிவேடு

சனிக்கிழமை ஆஃபீஸ் லீவு தம்பி. கேட் திறந்து கிடக்கிறதே என்று உள்ளே வந்துட்டீங்களாக்கும். நான் செடிக்குத் தண்ணீர் விட வந்தேன், அதனால்தான் திறந்திருக்கு. பரவாயில்லை, வெயிலில் வந்திருக்கீங்க, உட்காருங்க. பெஞ்சு எல்லாம் காலிதான், எதில் வேண்டுமானாலும் உட்காருங்க. ஃபேன் மட்டும் கேட்காதீங்க. லீவு நாளில் நான் சுவிட்சைத் தொடுகிறதில்லை. இந்தாங்க, இந்த ஃபைல் அட்டையால் விசிறிக்கிடுங்க. பழைய பட்டா மாறுதல் ஃபைல். உள்ளே இருந்த காகிதத்தையெல்லாம் முறைப்படி அழித்தாயிற்று. அட்டை இன்னும் கெட்டியாக இருக்கிறது பாருங்க. காற்று நல்லா வரும்.

என்ன சான்றிதழ்? வாரிசா, வருமானமா?

மாடிக்கு எந்த வழியா? மாடியில் யாரும் இல்லையே தம்பி. தாசில்தார் உட்காருவது கீழேதான். மாடியில் சோலார் பேனல் மட்டும்தான் இருக்கிறது.

அதைத்தான் பார்க்கணுமா. சரி, காட்டுகிறேன், அவசரப்படாதீங்க. உங்க வீட்டில் மாட்டப் போறீங்களோ என்னவோ. மாட்டுகிறதுக்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க. சோலார் என்றாலே எனக்கு வயிறு எரிகிறது. முதலில் ஒரு வாய் தண்ணீர் குடிங்க. பானைத் தண்ணீர்தான். பிளாஸ்டிக் கேனை நான்தான் நிறுத்தினேன்.

என் பேர் பூவலிங்கம். இந்தப் புளியங்கரை தாலுகா ஆஃபீஸில் அலுவலக உதவியாளர். முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. வருகிற ஜூன் முப்பதாம் தேதி ரிட்டயர்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கலெக்டர் ஆஃபீஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லா அரசு அலுவலகமும் பசுமை அலுவலகம் ஆகணும். தண்ணீர், காகிதம், கரண்ட், குப்பை என்று பத்துத் தலைப்பு, நூறு மார்க். யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு ஜூன் அஞ்சாம் தேதி, சுற்றுச்சூழல் தினத்தன்றைக்குக் கேடயம். இதற்கு ஆஃபீஸில் ஒரு பொறுப்பாளர் வேண்டும். மீட்டிங் போட்டார்கள். யார் செய்கிறீர்கள் என்று தாசில்தார் கேட்டதும் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நான் அப்போதுதான் டீத் தட்டோடு உள்ளே போனேன். துணைத் தாசில்தார் ஹெப்சிபா மேடம் என்னைப் பார்த்தார். "நம்ம பூவலிங்கம் பாத்துக்கிடுவார் சார்" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் ஆணை டைப் ஆகி வந்துவிட்டது. என் பேரைப் போட்டு, பக்கத்திலேயே 'பசுமைப் பொறுப்பாளர்' என்று. அதற்கு முன்னால் என் பேர் டைப் ஆகி வந்ததெல்லாம் மெமோவில்தான்.

கேடயம் என்றால் எனக்கு என்ன என்று நினைப்பீங்க. சொல்கிறேன். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை கேடயம் தூக்கியிருப்பேன் தெரியுமா? சுதந்திர தினம், குடியரசு தினம், கொடி நாள், எதுவானாலும் நான்தான் தட்டில் வைத்துக்கொண்டு பெரிய அதிகாரி பக்கத்தில் நிற்பேன். அவர் எடுப்பார், கொடுப்பார், போட்டோ எடுப்பார்கள். போட்டோவில் தட்டு விழும். என் கை விழும், முழங்கை வரைக்கும். அந்த மாதிரி நாலு போட்டோ வீட்டில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்காரி முப்பிடாதி வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவாள். "இது அவுக கை" என்பாள்.

அதை நான் ஒரு நாள் பேச்சுவாக்கில் மேடத்திடம் சொல்லிவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. "இந்தக் கேடயம் நமக்கு வந்தா தாசில்தார் வாங்கப் போறதில்ல. நீங்கதான் மேடையேறி வாங்கணும் பூவலிங்கம். நான் பேசிட்டேன்" என்றார். அன்றைக்கு ராத்திரியே மேடைக்குப் போட வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்து வைத்தேன்.

அதற்கப்புறம் இந்த ஆஃபீஸில் நான் ஒரு ஈ பறக்கிற கரண்டைக்கூட வீணாக்க விட்டதில்லை. வருகிற ஜனங்கள் எல்லாரையும் ஒரே ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தேன். அதில் சண்டைக்காரர்கள் ரெண்டு பேர் ராசியாகிவிட்டார்கள், வரப்புத் தகராறு, எட்டு வருஷமாக நடந்தது. காகித டம்ளரை ஒழித்தேன். வி.ஏ.ஓ.க்கள் எல்லாரும் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டு வரணும் என்றேன். ஒருத்தர் சொம்பு கொண்டு வந்தார், அதில்தான் டீ ஊற்றினேன், அரைச் சொம்பு வாங்கிக் குடித்தார். தாசில்தார் ரூம் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்துத்தான் அந்தச் செம்பருத்தி நிற்கிறது. ஒரு பக்கம் எழுதின காகிதத்தையெல்லாம் மறுபக்கம் திருப்பித் தைத்து நோட்டு ஆக்கினேன்.

ஒரு நாள் கழிப்பறையில் லைட் எரிகிறதைப் பார்த்து அணைத்துவிட்டேன். "யாருல அது" என்று உள்ளேயிருந்து குரல். தாசில்தார் குரல். "பசுமைத் திட்டம் சார்" என்றேன். திரும்ப லைட்டைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அரசாங்க ஆணைக்கு யார்தான் என்ன சொல்ல முடியும்?

இத்தனை செய்தும் போன வருஷம் கேடயம் போய்விட்டது தம்பி. ஒன்பது தலைப்பில் எண்பத்தஞ்சுக்கு எண்பத்துமூணு வாங்கினோம். மாவட்டத்திலேயே அவ்வளவு யாரும் வாங்கவில்லை. பத்தாவது தலைப்பு சோலார். பதினைந்து மார்க். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், இந்த மூன்று மாதத்தில் இத்தனை யூனிட் வரணும் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அளவைத் தொட்டால் பதினைந்தும் உண்டு. தொடாவிட்டால் ஒன்றும் கிடையாது. எங்களுக்கு ஒன்றும் கிடையாது.

கேடயம் பனங்குறிச்சி தாலுகாவுக்குப் போயிற்று. அங்கே எனக்கு ஈடான ஆள் சுடலைக்கண்ணு. ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்தான். பிளாஸ்டிக் கவரில் வடை வாங்கித் தின்கிற ஆள், அவருக்குப் பசுமைக் கேடயம். அன்றைக்கே போன் பண்ணினார். "என்னவே பூவலிங்கம், உங்க ஊர்ல சூரியன் உதிக்கலியா? வேணும்னா சொல்லும், இங்கேருந்து கொஞ்சம் அனுப்பி வைக்கேன்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். வடையை நினைத்துக்கொண்டு வைத்தேன்.

அவர் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே அடிக்கிற வெயில்தான் இங்கேயும் அடிக்கிறது. அங்கே பதினாறு பேனல், இங்கேயும் பதினாறு பேனல். அங்கே வருகிற கரண்ட் இங்கே ஏன் வரவில்லை? சொல்லுங்க பார்ப்போம்.

சோதனைக்கு மூன்று தடவை ஆள் வந்தார்கள். முதல் தடவை செவ்வாய்க்கிழமை, அடுத்தது வியாழக்கிழமை, மூன்றாவது ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு. மூன்று தடவையும் நான்தான் மாடிக்குக் கூட்டிப் போனேன். பேனல் எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னும், முகம் பார்த்துத் தலை சீவலாம். மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். "எல்லாம் நல்லா இருக்கே, கரண்ட் ஜோரா வருதே" என்றார்கள். போய்விட்டார்கள். மாதக் கடைசியில் பார்த்தால் யூனிட் குறைவு. நான் என்ன நினைத்தேன் என்றால், கம்பெனிக்காரன் பழைய பேனலைப் பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டான். முப்பிடாதி, புறா எச்சத்தால் என்கிறாள். சுடலைக்கண்ணு ஏதோ செய்வினை வைத்திருக்கிறார் என்றும் ஒரு நினைப்பு உண்டு, அதை வெளியே சொல்லவில்லை.

போன புதன்கிழமை ஆய்வுக் கூட்டம். இந்த வருஷக் கணக்கு பிப்ரவரியில் தொடங்குகிறதே, அதனால் பழையதையெல்லாம் எடுத்துக் கேட்டிருக்கிறார்கள். நாப்பது பேர் முன்னால் மேடத்தை எழுப்பி நிறுத்தி, "உங்க தாலுகாவுல மட்டும் சூரியனுக்கு லீவா?" என்று கலெக்டர் கேட்டாராம். மேடம் திரும்பி வந்து என்னிடம் வழக்கம்போல டீதான் கேட்டார். டிரைவர்தான் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை தம்பி. நேராகப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். "இதுக்கு எவன் காரணமோ அவன ஒரு வாரத்துக்குள்ள எனக்குக் காட்டிரு" என்று சொல்லி ஒரு தேங்காயை விடலை போட்டு உடைத்தேன். நல்ல தேங்காய், சில்லு ரோடு வரைக்கும் போயிற்று.

வேறு யாரும் இந்தப் பேனல்களை என்னைப் போலப் பார்த்துக்கிட முடியாது. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். பதினாறுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வருகைப் பதிவேடு போட்டிருக்கிறேன், அந்தத் தைத்த நோட்டில்தான். திங்கட்கிழமை காலையில் ஒன்பதரைக்கு மாடிக்கு வருவேன், மூடியை எடுப்பேன், துடைப்பேன், ஒவ்வொன்றுக்கும் வருகை போடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் போன பிறகு வந்து மூடிவிட்டுப் போவேன். சனி, ஞாயிறு ரெண்டுக்கும் 'விடுமுறை' என்று எழுதுவேன். பொங்கல் என்றால் மொத்தமாக எழுதிவிடுவேன்.

ஏன் தம்பி விசிறுகிறதை நிறுத்திட்டீங்க?

எதற்கு மூடுகிறேனா? இதென்ன கேள்வி. அந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது பாருங்க, சுற்றறிக்கை. நாலாவது வரி. 'பயன்பாடு இல்லாத நேரங்களில் அனைத்து மின் சாதனங்களையும் நிறுத்தி வைத்தல் வேண்டும்.' சனி ஞாயிறு இங்கே யார் இருக்கிறார்கள்? யாருக்கு அந்தக் கரண்ட்? லைட்டுக்கு சுவிட்ச் இருக்கிறது, ஃபேனுக்கு சுவிட்ச் இருக்கிறது. பேனலுக்கு சுவிட்ச் எங்கே என்று நான் ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கீழே ஒரு பெட்டி இருக்கிறது, அதைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று மண்டை ஓடு படம் போட்டிருக்கிறார்கள். பிறகு நான் என்ன செய்வேன்? மூடி வைத்தேன். இன்னொன்றும் உண்டு. என் மச்சான் கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடி, காயில் எரிந்து போயிற்று. சும்மா ஓடினால் எதுவும் எரிந்துதான் போகும். மனுஷனுக்கே வாரத்தில் ரெண்டு நாள் ஓய்வு கொடுக்கிறது அரசாங்கம்.

சிரிக்காதீங்க. சிரிக்கிறதுக்கு இதில் என்ன இருக்கு? வாங்க, மாடியைக் காட்டுகிறேன். அப்போது தெரியும். படியில் பார்த்து வாங்க, மூன்றாவது படி ஆடும்.

பாருங்க. எப்படி இருக்கு? நாலு பேனலுக்கு ஒரு மூடி. எல்லாம் பழைய முகாம் பேனர்தான், தூக்கிப் போட வைத்திருந்தார்கள். நான் ஓரம் மடித்துத் தைத்து வாங்கினேன். கழிவை மறுபடி பயன்படுத்தினதற்கு இதற்குத் தனியாக ரெண்டு மார்க் கொடுத்தார்கள், அந்தத் தலைப்பில். என்ன எழுதியிருக்கு என்று படிக்கிறீங்களா? 'சூரிய சக்தியைப் பயன்படுத்துவோம்.' அதற்கும் முந்தின வருஷ விழிப்புணர்வு முகாமில் கட்டினது. பெரிய சைஸ் அதுதான் கிடைத்தது.

போனில் என்ன காட்டுறீங்க? கண்ணாடியை எடுத்துக்கிடுகிறேன், இருங்க. இது என்ன, கோடு கோடாக? அஞ்சு கோடு உயரமாக நிற்கிறது, ரெண்டு இடம் காலி. மறுபடி அஞ்சு, மறுபடி காலி. ஓ, இதுதான் எங்கள் பேனலா? நாள்வாரியாகப் போனிலேயே தெரியுமா? பார்த்தீங்களா, எவ்வளவு சுத்தமாகக் கணக்கு வந்திருக்கிறது. என் பதிவேட்டுக்கும் இதற்கும் ஒரு நாள் வித்தியாசம் இருக்காது. இந்தாங்க, இந்த நாலு நாள் பொங்கல். இது கிறிஸ்துமஸ்.

இது உங்களிடம் எப்படி வந்தது தம்பி?

அப்போ நீங்க சான்றிதழுக்கு வரலையா?

சோலார் இன்ஜினியரா, கலெக்டர் ஆஃபீஸிலிருந்து அனுப்பினார்களா. பேர் என்ன சொன்னீங்க, அனஸா. முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி, ஒரு டீயாவது வாங்கியிருப்பேன். மாதக் கணக்கை மட்டும் பார்த்தவர்கள் மத்தியில் நாள் கணக்கை எடுத்துப் பார்த்திருக்கீங்க. சனிக்கிழமை என்றும் பார்க்காமல் யாருக்கும் சொல்லாமல் வந்திருக்கீங்க. உங்களுக்கு லீவு கிடையாதா?

சொல்லுங்க, கேட்கிறேன்.

மிச்சக் கரண்ட் வெளியே போகுமா? எங்கே போகும்? கம்பியிலேயா? இந்தக் கம்பி எதிரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தானே போகிறது. அவர்களுக்கு லீவு கிடையாதே. பிரசவ வார்டு, தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜ், எல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுமே. நாம் மூடாவிட்டால் அங்கே போயிருக்குமா? போகிறதையும் நம்ம மீட்டர் எண்ணுமா? நம்ம பேரிலேயே சேருமா? எரிந்து போகாதா?

சனி ஞாயிறுதான் ரொம்பச் சேருமா.

இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லையே தம்பி. இல்லை, சொன்னார்கள். பேனல் மாட்டின அன்றைக்குக் கம்பெனிக்காரர் இதே இடத்தில் நின்று அரைமணி நேரம் எல்லாருக்கும் விளக்கினார். நான் டீ வாங்கப் போயிருந்தேன். பதினோரு டீ, அதில் நாலு சர்க்கரை இல்லாதது.

கொஞ்சம் இருங்க. இந்தச் சுவரில் உட்கார்ந்துக்கிடுகிறேன்.

கலெக்டர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார், சூரியனுக்கு லீவா என்று. நாப்பது பேர் முன்னால் மேடம் நின்றிருக்கிறார். அந்த லீவை நான்தானே கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தவறாமல், ஒரு தடவை காய்ச்சலோடுகூட வந்து கொடுத்தேன். ஒரு வாரம் என்றுதான் சொல்லியிருந்தேன் பிள்ளையாரிடம். மூணே நாளில் காட்டிவிட்டார். அவருக்கும் இவ்வளவு அவசரம் ஆகாது.

ரிப்போர்ட் எழுதணுமா? எழுதுங்க. அதற்குத்தானே வந்திருக்கீங்க. காரணம் என்ற இடத்தில் என் பேரைப் போடுங்க. பூவலிங்கம், அலுவலக உதவியாளர், மூடி வைத்தான். மேடத்துக்கு இதில் ஒன்றும் தெரியாது என்பதையும் சேர்த்து எழுதுங்க, அதுதான் முக்கியம். மேடைக்கு வேறு யாராவது போகட்டும். நான் தட்டைப் பிடிச்சிக்கிடுகிறேன். அது எனக்குப் பழக்கம்தான்.

என்ன எழுதிட்டீங்க? வாசிங்க.

'குறைவுக்குக் காரணம்: பேனல்கள் மேல் நிழல். நடவடிக்கை: நிழல் அகற்றப்பட்டது.'

அவ்வளவுதானா? உங்க தொழிலில் இப்படித்தான் எழுதுவாங்களா? மரம் விழுந்தாலும் நிழல், தண்ணீர்த் தொட்டி மறைத்தாலும் நிழல், பூவலிங்கமும் நிழலா? இருக்கட்டும். வேறு பேரெல்லாம் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள், நிழல் என்று யாரும் சொன்னதில்லை. மேடத்திடம் நான் திங்கட்கிழமை நேரில் சொல்லிக்கிடுகிறேன் தம்பி. உங்க ரிப்போர்ட் உங்களுக்கு. அவர் தெரிஞ்சிக்கிடணும் இல்லையா? திட்ட மாட்டார். பைபிளை எடுத்து ஒரு வசனம் சொல்வார், அது திட்டுகிறதைவிடக் கஷ்டம்.

வாங்க, அந்த முனையைப் பிடிங்க. நிழல் அகற்றப்பட்டது என்று எழுதியாயிற்று, அகற்றாமல் இருந்தால் தப்பு. மெதுவா, கிழிச்சிராதீங்க. மடிக்கலாம், ரெண்டா, நாலா. இது நல்ல துணி, உங்க பைக் வெயிலில்தானே நிற்கிறது, சீட்டு மேல் போட ஒன்றைக் கொண்டு போங்க. 'பயன்படுத்துவோம்' என்கிற பக்கம் மேலே இருக்கட்டும்.

இன்றைக்கு என்ன தேதி, பிப்ரவரி ஒண்ணா? அப்போ இன்றைக்குத்தான் கணக்கு தொடக்கம். ஏப்ரல் கடைசி வரைக்கும் சனி, ஞாயிறு எத்தனை? எட்டு, பத்து, எட்டு. இருபத்தாறு நாள். தமிழ்ப் புத்தாண்டு, புனித வெள்ளி எல்லாம் தனி. அளவைத் தொட்டுருமா தம்பி? உங்க வாயால் சொல்லுங்க.

தாண்டிருமா.

சுடலைக்கண்ணுவுக்கு இப்போதே போன் பண்ணணும் போல இருக்கு. வேண்டாம், ஜூன் அஞ்சாம் தேதி நேரிலேயே பார்த்துக்கிடுகிறேன். அன்றைக்கு அவர் தட்டு பிடிக்கட்டும். முழங்கை வரைக்கும் போட்டோவில் விழுவார்.

அந்த நோட்டை இப்படிக் கொடுங்க. சனிக்கிழமைக் கட்டம். முதல் தடவையாக எழுதுகிறேன். ஒன்று முதல் பதினாறு வரை, வருகை. நேரம் பதினொன்று இருபது, தாமதம், இன்றைக்கு மன்னித்துவிடலாம். இந்த இடத்தில் நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க தம்பி. லீவு நாளில் இதுகளிடம் வேலை வாங்கியிருக்கிறோம், ஈடு விடுப்பு கேட்டால் நான் எங்கே போவேன்? இன்ஜினியர் சொல்லித்தான் வாங்கினேன் என்று காட்ட ஒரு ஆதாரம் வேண்டாமா?

வாங்க, கீழே போய் உட்காருவோம். வேர்த்து ஊற்றுகிறது உங்களுக்கு. என்னது, இப்போதுதான் கரண்ட் வருகிறதே, ஃபேன் போடலாமே என்கிறீங்களா?

ஒரு ஃபேன் போட்டால் எவ்வளவு குறையும் தம்பி? குறையும் இல்லையா. கொஞ்சமானாலும் குறையும். எதிரே பிரசவ வார்டில் யார் படுத்திருக்கிறார்களோ என்னவோ, அவர்களுக்குப் போகட்டும். மீட்டரும் எண்ணும்.

அந்த ஃபைல் அட்டையை எங்கே வச்சீங்க?